திருப்பித் தைத்த காலர்

என் வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் கடைக்குள் நடந்ததை நான் ஒருநாளும் வாசல் தாண்டிக் கொண்டுபோனதில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். யாருக்குத் தொந்தி எவ்வளவு, யார் தோளைப் பஞ்சு வைத்துத் தூக்கியிருக்கிறேன், யாருடைய கால்சட்டை இடுப்பை வருடா வருடம் பிரித்து விடுகிறேன், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட நான் முந்நூறு பேர் முன்னால் ஒரு வாடிக்கையாளரின் சட்டையைப் பற்றி வாய் திறந்தேன். ஏன் என்று சொல்கிறேன். நான் செய்தது சரியா தப்பா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். தப்பு என்றாலும் எனக்கு ஒன்றும் கவலையில்லை.

எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்களுக்கு மின்விசிறித் தொழிற்சாலைச் சம்பளம்தான் சோறு. என் அண்ணனுக்கு அங்கே இருபத்தாறு வருட வேலை. செய்து முடித்த விசிறியைத் தொங்கவிட்டு, ஓடவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். ஒரு இறக்கை நூலளவு கனம் கூடியிருந்தாலும் கண்டுபிடித்து இறக்கச் சொல்லிவிடுவார். எந்த ஆட்டமும் அவர் கண்ணுக்குத் தப்பாது. முதலாளி விஷயத்தில் மட்டும் தப்பிவிட்டது. அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நாளில் ஊரே முதலாளியைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, நானும்தான் ஆடினேன். முதலாளி நீலச் சட்டை போடுவார், அதற்கு வெள்ளைக் காலர், முனை இரண்டும் அகலமாக விரிந்து நிற்கும். பத்திரிகையில் அவர் படம் வந்த வாரமே நாலு பேர் கடைக்கு வந்தார்கள். "முதலாளி காலர் வச்சுக் குடுங்க." அந்த வருடம் முழுக்க வெள்ளைக் காலர் வெட்டி வெட்டி என் கத்தரி தேய்ந்தது. பால்காரர் போட்டார், பள்ளிக்கூட வாத்தியார் போட்டார், காதில் மயிர் முளைத்த கிழவர்கள்கூடப் போட்டார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் அவர் வீட்டு வாசல் வரை கூட்டிப்போய், "இதுதான் எங்க முதலாளி வீடு" என்று காட்டுவோம். அந்தக் கேட்டுக்கு உள்ளே எங்களில் ஒருவரும் போனதில்லை. ஆனாலும் 'எங்க' என்று சொல்வதில் அப்படியொரு பெருமை.

பிறகு காலம் கெட்டது. விசிறி வாங்க ஆளில்லை. கிடங்கில் பெட்டிகள் கூரை வரை ஏறின. இரண்டு ஷிஃப்டு ஒன்றானது, அப்புறம் வாரத்தில் நாலு நாள் ஆனது. எங்கள் தெருவில் மூன்று கடைகள் ஷட்டரை இழுத்து மூடின. புதுத்துணியோடு என் கடைப் படியேறுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். வந்ததெல்லாம் பழசுதான். பிடித்துத் தை, விட்டுத் தை, ஜிப் மாற்று. எல்லாவற்றையும் விட அதிகமாக வந்தது காலர்.

காலரைத் திருப்பித் தைப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சட்டை முழுக்க நன்றாகத்தான் இருக்கும். கழுத்தை ஒட்டி காலர் மடிகிற இடம் மட்டும் தாடி உரசி உரசி நைந்து, உள்ளே இருக்கிற வெள்ளைத் துணி பல்லிளிக்கும். காலரைக் கழுத்துப் பட்டியிலிருந்து பிரித்து, தலைகீழாகத் திருப்பி, பழைய தையல் ஓட்டை மேலேயே மறுபடி தைத்தால், நைந்த பக்கம் அடியில் போய்விடும், புதுப்பக்கம் மேலே வந்துவிடும். இஸ்திரி போட்டு மாட்டினால் கடையில் அன்றைக்கு வாங்கியது போல இருக்கும். இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். ஒருவர் சட்டை திருப்பியது என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். துணியைச் சுருட்டிப் பையில் மறைத்துக் கொண்டுவருவார்கள், கடையில் வேறு ஆள் இருந்தால் "நூல் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். தேவையில்லாமல் எத்தனை நூல்கண்டு விற்றேன் தெரியுமா! எனக்கு நானே காலரம்மா என்று பெயர் வைத்துக்கொண்டது அப்போதுதான்.

வெள்ளைக் காலர்களும் திரும்பி வந்தன, வேறு காரணத்துக்காக. "இந்த எழவைப் பிரிச்சுட்டு நீலத்துலேயே வச்சுடுங்க" என்றார் பால்காரர். "இதைப் போட்டுக்கிட்டுப் போனா அந்த ஆள் ஞாபகம் வருதுன்னு கதவைச் சாத்துறாங்க." முந்தின வருடம் இதே காலருக்காக என்னை மூன்று நாள் நச்சரித்தவர் அவர். யாரோ முதலாளியின் பெரிய காரில் ஆணியால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கோடு இழுத்துவிட்டார்கள். கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வருஷம் இதே கார்க் கண்ணாடியில முகம் பார்த்துத் தலை சீவினவங்கதானே எல்லாரும்?" என்றேன். "அப்ப அவன் நல்லவன், இப்பக் கெட்டவனா? அவன் அப்பவும் இப்படித்தான் இருந்தான். நமக்குத்தான் கண்ணு இப்பத் தெரியுது."

யாருக்கும் அது பிடிக்கவில்லை. பால்காரர் சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

முதலாளிக்கும் பயம் வந்துவிட்டது போலிருக்கிறது. பெரிய கார் கொட்டகைக்குள் போனது, பழைய சின்னக் கார் வெளியே வந்தது. கேட்டில் எரிந்த விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அவர் மனைவி தன் உடைகளில் இருந்த சரிகையை எல்லாம் பிரித்துத் தரச் சொல்லி அனுப்பினார். அதே மாதம் அதே வீட்டிலிருந்து எனக்கு இன்னொரு வேலையும் வந்தது. கடலோரத்தில் புதிதாகக் கட்டுகிற வீட்டுக்குத் திரைச்சீலை. முப்பத்திரண்டு ஜன்னல். அந்த வருடத்திலேயே எனக்குக் கிடைத்த பெரிய வேலை அதுதான். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றார்கள். நானும் விடவில்லை. துணிக்கட்டை என் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளியின் செயலாளர் வந்தார். முப்பது வயது இருக்கும், நடையில் மட்டும் அறுபது வயது கனம். மேசை மேல் ஒரு சட்டையை வைத்தார். நீலம், புத்தம் புதுசு, காலருக்கு அடியில் அட்டைகூட எடுக்கவில்லை.

"என்ன தம்பி, கையைக் குறைக்கணுமா?"

"இல்லம்மா. இதைப் பழசாக்கணும்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "என்னது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி தொழிலாளிங்ககிட்ட பேசுறாரு. எளிமையாத் தெரியணும். காலர் கொஞ்சம் நைஞ்ச மாதிரி... முன்னாடி, முனையில. முதல் வரிசையில உக்கார்றவங்களுக்குத் தெரியற மாதிரி."

"மேலேயா?"

"பின்னே? அடியில இருந்தா யாருக்குத் தெரியும்?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டு இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறார். காலர் எங்கே நையும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. நைந்த காலரை வைத்துக்கொண்டு ஒரு ஏழை என்ன செய்வான் என்பது சுத்தமாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, சொல்லவில்லை.

"வெளியே தெரியக் கூடாதும்மா."

"இந்தக் கடையில நடந்தது எதுவும் வெளியே போனதில்லை தம்பி."

அவர் போனதும் உப்புத்தாள் எடுத்தேன். வாழ்நாள் முழுக்கக் கிழிந்ததை மறைத்தே பழகிய கை, நல்ல துணியைத் தேய்க்க மாட்டேன் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். முனை இரண்டும் பஞ்சு பஞ்சாக வரும் வரை தேய்த்தேன். எடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுத்தேன், அதில் குறை சொல்ல முடியாது.

அன்று மாலை அண்ணி கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"உங்க அண்ணன் கையெழுத்துப் போடப் போறாராம்."

"எதுல அண்ணி?"

"ஒரு வருஷத்துக்குப் பாதிச் சம்பளம்னு ஒரு காகிதம். முதலாளியும் பாதிதான் எடுத்துக்குவாராம். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் போடணுமாம். இவரு முதல்ல போட்டா மத்தவங்க தானாப் போட்டுடுவாங்கன்னு இவரை முன்வரிசையில உக்காரச் சொல்லியிருக்காங்க. குடும்பமும் வரணுமாம். பாதியில நான் வீட்டு வாடகையைப் பார்ப்பேனா, உங்க அண்ணன் இருமலுக்கு மருந்தைப் பார்ப்பேனா? வீட்டைக் காலி பண்ணிட்டு எங்க போவோம்? சொன்னா, 'அவருக்கும் கஷ்டம்தானே'ங்கிறாரு."

என் கட்டிலுக்கு அடியில் முப்பத்திரண்டு ஜன்னல் இருந்தது. நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கடை ரகசியத்தை அண்ணிக்குச் சொன்னால் நாளைக்கு என்னை நம்பி யார் சட்டையைக் கழற்றுவார்கள்? அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினோம். நாலு நாள் வேலையில் வெள்ளி சேராது, அதனால் ஆளாளுக்கு இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டு, தேய்த்து, தலை வாரி வந்திருந்தார்கள். நான் பின்னால் நின்று பார்த்தேன். கூடம் முழுக்க என் காலர்கள். ஒன்றுகூடப் பிசிறில்லை. வெளியாள் யாராவது வந்து பார்த்தால் இவர்களுக்கு என்ன குறை என்றுதான் கேட்பார்.

முதலாளி வந்தார். மைக் வேண்டாம் என்றார், நாற்காலி வேண்டாம் என்றார். நின்றுகொண்டே பேசினார். நன்றாகவே பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

"நானும் உங்கள்ல ஒருத்தன்தான். உங்களுக்குப் பாதின்னா எனக்கும் பாதி. நான் புதுசா ஒரு துணி எடுத்து ஒரு வருஷம் ஆச்சு." சொல்லும்போது விரல் காலர் முனைக்குப் போனது. "சேர்ந்து கஷ்டப்படுவோம். சேர்ந்து எழுந்திருப்போம்."

முன்வரிசையில் அண்ணன் திரும்பி என்னைத் தேடினார். கண்ணில் தண்ணீர் நின்றது. "பார்த்தியா தங்கச்சி, அவர் காலரைப் பார்த்தியா? எப்படி இருந்த மனுஷன்!" என்று அங்கிருந்தே சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சட்டையைத் தேய்த்தது போகட்டும், அது கூலிக்குச் செய்த வேலை. ஆனால் இருபத்தாறு வருடம் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வாங்கிய என் அண்ணன், நான் உப்புத்தாளால் தேய்த்த துணியைப் பார்த்து அழுகிறார்! அதற்கு மேல் எனக்குத் தொழிலும் தெரியவில்லை, தர்மமும் தெரியவில்லை.

"அண்ணே, பேனாவைக் கீழ வை."

கூடம் திரும்பியது. நான் நடந்து போய் அண்ணன் பின்னால் நின்று அவர் காலரைப் பிடித்துத் தூக்கினேன். அடியில் நைந்த பக்கம் நூல் நூலாகத் தொங்கியது.

"ஏய், என்ன பண்ற? மானத்தை வாங்காதே!" அண்ணன் காலரை அமுக்கப் பார்த்தார். காது வரை சிவந்துவிட்டார்.

"உன் மானம் இதுக்கு அடியிலதான் இருக்கு. நான்தானே தைச்சேன்." திரும்பினேன். "இங்க யார் யார் சட்டையை நான் திருப்பித் தைச்சேனோ, காலரைத் தூக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள். நான் மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பெயின்ட் பகுதியில் வேலை செய்கிற பெரியவர் ஒருவர், என்னிடம் ஒன்பது தடவை நூல்கண்டு வாங்கியவர், மெதுவாகக் கையைத் தூக்கித் தன் காலரை நிமிர்த்தினார். அவர் பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்து, "அட, நீங்களுமா?" என்றார். சொல்லிவிட்டுத் தன்னுடையதைத் தூக்கினார். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசை வரிசையாகக் காலர்கள் நிமிர்ந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள், பேக்கிங் பகுதிப் பெண் ஒருத்தி தன் புருஷன் காலரைத் தானே பிடித்துத் தூக்கினாள்.

"பார்த்துக்குங்க" என்றேன். "கிழிஞ்சதை நாம யாரும் ஊருக்குக் காட்டிக்கிட்டு வரலை. அடியில மறைச்சுக்கிட்டுத்தான் வந்தோம். கிழிசலை மேல போட்டுக்கிட்டு வந்திருக்கிறது இவர் ஒருத்தர்தான். அதுவும் தாடி படாத இடத்துல கிழிஞ்சிருக்கு. முனையில எப்படி நையும், முதலாளி? அங்க என்ன எலி கடிச்சுதா?"

செயலாளர் பாய்ந்து வந்தார். "இந்தம்மாவை வெளியே அனுப்புங்க!"

அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். என் மேல் அவருக்கு அடக்க முடியாத கோபம். முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்க முதலாளி. இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வாய்க்கொழுப்பு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். காலரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிடுங்க. ஒரு வருஷம் போட்ட சட்டைன்னா உள்ளே அழுக்குக் கோடு இருக்கும், எங்க எல்லாருக்கும் இருக்கு. அதைக் காட்டிட்டீங்கன்னா இவ வாய் அடைஞ்சிடும். நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. கை காலருக்குப் போனது. தூக்கப் போகிறார் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அவர் காலரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன பேச்சு? சட்டையா இப்ப முக்கியம்?" என்றார்.

அண்ணன் அசையாமல் நின்று பார்த்தார். ஓடுகிற விசிறியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அவர் அவ்வளவு நேரம் எந்த விசிறியையும் பார்த்து நான் கண்டதில்லை.

"தூக்குங்க முதலாளி" என்றார் மறுபடி. இந்தத் தடவை கும்பிடவில்லை.

முதலாளியின் கை காலரை விட்டு எடுபடவில்லை. அண்ணன் பேனாவை மூடி மேசை மேல் வைத்தார்.

"ஒரு பக்கத்து இறக்கை மட்டும் தேஞ்சா விசிறி ஆடும். ஆடுற விசிறியை நான் ஒருநாளும் சரின்னு எழுதினதில்லை. இதுலயும் எழுத மாட்டேன்."

செயலாளர் என் காதருகே வந்து, "கடை ரகசியம்னு சொன்னீங்களே" என்று பல்லைக் கடித்தார்.

"ஆமா தம்பி, ரகசியத்தைக் காப்பாத்தத்தான் போறேன்" என்றேன், கூடத்துக்கே கேட்கும்படி. "கடலோரத்துல கட்டுற புது வீட்டுக்கு எத்தனை ஜன்னல்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு கூடத்தில் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம். காகிதம் ஒரு கையெழுத்தும் இல்லாமல் மேசை மேல் கிடந்தது.

மறுநாளே ஆள் வந்து பாதி தைத்த திரைச்சீலைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் ஒருவரும் இப்போது என் கடைக்கு வருவதில்லை. போகட்டும். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதுதான் வலித்தது. அண்ணி மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை அண்ணன் கடை வாசலில் நின்றார். பனியனோடு, சட்டையைக் கையில் பிடித்தபடி. பையில் சுருட்டவில்லை, மறைக்கவில்லை.

"முந்நூறு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட."

"வாங்கினேன்."

"நீ தையக்காரியா, ரவுடியா?" என்றார். சொல்லும்போதே உதட்டோரம் கொஞ்சம் இளகியது. சட்டையை மேசை மேல் போட்டார். "இந்தக் காலரைப் பழையபடி திருப்பி வச்சுக் குடு."

"அண்ணே, கிழிசல் மேல வந்துடும்."

"வரட்டும். நாளைக்குத் தொழிற்சாலை வாசல்ல உக்காரப் போறோம், வரவு செலவுக் கணக்கைக் காட்டுன்னு. இனிமே நாங்க எதுக்கு மறைக்கணும்? நாங்களா தப்புப் பண்ணினோம்?"

அவருக்குப் பின்னால் பெயின்ட் பகுதிப் பெரியவர் நின்றார். அவருக்குப் பின்னால் தெருமுனை வரை ஆட்கள், எல்லோர் கையிலும் சட்டை. பால்காரர்கூட இருந்தார், அவருக்குத் தொழிற்சாலையோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. நூல்கண்டு வேண்டும் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அன்று முழுக்க நான் எழுந்திருக்கவில்லை, யாரிடமும் கூலியும் வாங்கவில்லை. ஒவ்வொரு காலரையும் பிரித்து, கிழிந்த பக்கம் மேலே வரும்படி வைத்து, இரட்டைத் தையல் போட்டேன்.